ஆடியில் காலியாகும் மண்டபம், விவசாயிக்குச் சந்தையாகட்டும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோட்டில் வாரம் ஒரு நாள் கூடும் இந்தச் சந்தையில் பழைய தையல் மெஷின், சைக்கிள், மிக்ஸி, கட்டில் எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே காய்கறி, கருவாடு, பூச்செடி விற்பார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல் மக்கள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்குத் தேவை என்பதுதான் அந்தச் சந்தையின் அடிப்படை.

இப்போது உங்கள் வீட்டுக் கொட்டகையைப் பாருங்கள். பயன்படாத கைத்தெளிப்பான், மிச்சமான சொட்டுநீர்க் குழாய், குழித்தட்டு, பழைய மோட்டார் என்று ஏதாவது ஒன்று கிடக்கும். கடைசியில் அதைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடுவீர்கள். அதே பொருளைப் பக்கத்து ஊர் விவசாயி முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்குவார். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள், விளைபொருளை இடைத்தரகர் இல்லாமல் விற்க வழி செய்தன. விதைக்கும் பழைய கருவிக்கும் அப்படி ஓர் இடம் நமக்கு வேண்டும்.

விதைப் பரிமாற்றம் நமக்குப் புதிதல்ல. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் பல ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. சட்டமும் தடையில்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையிட்ட பையில் விற்பதை மட்டும் தடுக்கிறது.

இதைத் திறந்த தெருவில் நடத்த முடியாது. ஒரு மழை போதும், விதை நனைந்து முளைப்புத் திறன் போய்விடும். கூரை வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கல்யாண மண்டபங்களும் சமுதாயக் கூடங்களும் காலியாகக் கிடக்கும். ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் விதை தேடும் நேரமும் அதுதான். தாம்பரம் மாநகராட்சி வேளாண் துறையோடு சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு நாள் கூடம் திறந்துவிட்டால் போதும். மாடித்தோட்டம் போடும் நகரத்தாரும் நாற்று தேடி வருவார்கள்.

வியாபாரிகள் புகுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. உழவர் சந்தையைப் போல அடையாள அட்டை உள்ள விவசாயிக்கே இடம் என்றால் தீர்ந்தது.

கொண்டு வருவோருக்கும் வாங்குவோருக்கும் சில வார்த்தை. விதைப் பொட்டலத்தில் ரகம், அறுவடை மாதம், ஊர் எழுதுங்கள். 100 விதையை ஈரத்துணியில் கட்டி, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். மிச்ச மருந்து காய்கறியைக் கருக்கிவிடும். மோட்டாரை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ரசீது இல்லாத மோட்டார் யார் கிணற்றில் காணாமல் போனதோ!

வட்டார வேளாண் அலுவலர்களே, அடுத்த குறைதீர் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். விவசாயிகளே, நீங்கள் கேட்டால்தான் கூடத்தின் கதவு திறக்கும்.