கரண்டி பிடித்த அம்பேத்கர்

ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் நம் தெருக்களில் ஒட்டும் சுவரொட்டிகளில் அண்ணல் அம்பேத்கருக்கு எப்போதும் ஒரே தோற்றம்தான்: நீல கோட்டு, கையில் அரசியல் சட்டம், நீட்டிய விரல். அந்தப் படத்தின் மேல் நமக்குக் குறையில்லை. கோட்டு போட்டு நிமிர்ந்து நிற்பதே ஒரு எதிர்ப்பு என்று சேரியில் பிறந்த யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அடுப்படியில் நின்ற அம்பேத்கரை, டெல்லி வீட்டுத் தோட்டத்தில் செடிகளோடு நேரம் கழித்த அம்பேத்கரை நாம் பேசுவதே இல்லை. அவருக்குச் சமைக்கப் பிடிக்கும், தோட்டம் போடப் பிடிக்கும். நாய் வளர்த்தார், வயலினும் கற்றுக்கொண்டார்.

1944 செப்டம்பரில் ஒருநாள், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தன் கையால் விருந்து சமைத்தார். மூன்று மணி நேரம், ஏழு பதார்த்தங்கள் என்று அவருடைய நூலகத்தைப் பார்த்துக்கொண்ட தேவி தயாள் குறித்து வைத்திருக்கிறார். சாப்பிட வந்தவர் நம் மீனாம்பாள் சிவராஜ். ரங்கூனில் பிறந்து சென்னையில் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் பெண் தலைவராக எழுந்தவர். சமைத்தது பாபாசாகேப் என்று தெரிந்ததும் அசந்துபோனாராம். அசராமல் எப்படி? நாடாளும் பொறுப்பிலிருந்த ஆண் ஒருவர், அரசியல் பேச வந்த பெண்ணுக்குச் சமைத்துப் போடுகிறார். பெரியாருக்குப் பட்டம் கொடுத்த மாநாட்டோடு மீனாம்பாளை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாடு, இந்தச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே மனிதர்தான் 1901இல், பத்து வயதுப் பையனாக, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பா வேலை பார்த்த ஊருக்கு மாட்டுவண்டியில் போனார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டி ஓட்ட ஆளில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே ஓட்டினார்கள். கட்டுச்சோறு கையில் இருந்தது, குடிக்கத் தண்ணீர் தர ஒரு ஆள் இல்லை. சோற்றை வைத்துக்கொண்டே பட்டினி கிடந்தார்கள். வெட்டவெளி அந்தப் பையனுக்கு அப்படித்தான் அறிமுகமானது. வளர்ந்து அதே மண்ணில் பூச்செடி வைத்து ரசித்தார் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சமையல் சாதியின் கோட்டை. யார் கைபட்டது என்ற கேள்வி இன்னும் சாகவில்லை. 2018இல் அவிநாசி அருகே தலித் பெண் ஒருவர் பள்ளிச் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது, அதிகாரிகள் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு திரும்பியது. 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. ஆட்சியர் நேரில் போய் அமர்ந்து சாப்பிட்டார். நல்லது. ஆனால் புகைப்படக்காரர் போன பிறகு, மறுநாள் காலையில் தனியாக அடுப்பு மூட்டப்போவது அந்தப் பெண்தானே? அவருடைய வேலைக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்க வேண்டும். சமூகப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் வாங்க மறுக்கும் காவல் நிலையத்திடம் அதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் கசக்கும். ஜெயந்தி விழாக்களில் மேடையில் ஆண்கள் மைக் பிடிக்கிறார்கள், பின்பக்கம் அண்டாவுக்கு முன்னால் தங்கச்சிகளும் அத்தைகளும் வியர்த்து நிற்கிறார்கள். நன்றியுரையில் அவர்கள் பெயர்கூட வருவதில்லை. தோழர்களே, வரும் ஏப்ரலில் உங்கள் தெருவில் அண்டாவை ஆண்கள் கிளறட்டும், மைக்கை அத்தை பிடிக்கட்டும். உப்பு கொஞ்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்வோம்.