ஸ்வெட்டருக்குள்ளே ஒரு சிக்கனம்!

ஆம்பளைகளுக்கு ஆபீஸ் டிரெஸ் என்பது ரொம்ப சிம்பிள். மூணு பேன்ட், அஞ்சு சட்டை. மாற்றி மாற்றிப் போட்டால் மூவைந்து பதினைந்து. மூணு வாரம் ஓட்டிவிடலாம். திங்கட்கிழமை போட்ட நீலச் சட்டையையே வியாழக்கிழமையும் மாட்டிக்கொண்டு போனாலும் பக்கத்து ஸீட்காரர் கண்டுகொள்ள மாட்டார். அவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்!

தங்கைக்கோ மனைவிக்கோ வேலை கிடைக்கும்போதுதான் நம் கணக்கு உதைக்கும். நண்பர் ஒருவரின் தங்கைக்குக் கொடைக்கானலில் வேலை. முதல் சம்பளம் வரும்வரை நண்பர்தான் நிதி மந்திரி. "அஞ்சு புடவை, தலா ஆயிரம்" என்று ஐயாயிரத்தில் பட்ஜெட்டை முடித்துவிட்டார். தங்கை துணை பட்ஜெட்டை வாசித்தாள். ஃபால்ஸ், உள்பாவாடை, ஜாக்கெட் துணி, லைனிங், தையற்கூலி... லைனிங் வைத்துத் தைத்தால் கூலி சில சமயம் புடவை விலையையே எட்டிப் பிடிக்கும் ஸார்! போதாக்குறைக்கு ஸ்வெட்டர், ஷால், ஸாக்ஸ். நண்பருக்கு மலை ஏறாமலே மூச்சு வாங்கியது.

"சுடிதார் போட்டுக்கட்டுமே" என்பீர்கள். தமிழக அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை உத்தரவிலேயே புடவையோடு, துப்பட்டா போட்ட சுடிதாருக்கும் இடம் உண்டு. (நமக்கு வேட்டிக்கு அனுமதி இருந்தது. எத்தனை பேர் கட்டினோம்?) ஆனால் தனியார் இடங்கள் பலவற்றில் புடவைதான் சட்டம். தங்கை சேர்ந்த இடமும் அப்படி.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜனவரி ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், திங்களன்று கொடியில் போட்ட காட்டன் புடவை புதன்கிழமையும் 'ஜில்'லென்றே இருக்கும். கஞ்சியாவது, விறைப்பாவது! மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் துவள வைத்துவிடும். ஆக, அங்கே எத்தனை புடவை வேண்டும் என்று முடிவு செய்வது ஃபேஷன் இல்லை, துணி காய்கிற நாள் கணக்கு. அஞ்சு என்று அவள் கேட்டது ஆடம்பரமே அல்ல. அதில் ரெண்டாவது ராத்திரியில் உலர்கிற ஸிந்தெடிக்காக இருக்கட்டும். "காட்டன்தான் கௌரவம்" என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? காயப்போடுகிறவர்களுக்கல்லவா தெரியும்!

ஆனால் மலை ஒரு சலுகையும் தருகிறது. ஸ்வெட்டர் போட்டுவிட்டால் ஜாக்கெட் யார் கண்ணில் படப்போகிறது? கீழே மதுரையில் புடவைக்கொரு மேட்சிங் வேண்டும். மேலே கறுப்பு, மெரூன், சந்தனக் கலர் என்று மூணு ஜாக்கெட் போதும். மே மாத மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றினாலும் இந்த மூன்றில் ஒன்று ஒத்துப்போகும். சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு நல்ல ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் பொது. மிச்சமான தையற்கூலி ஸ்வெட்டருக்குப் பாதியாவது தேறும். இதைக் கண்டுபிடித்தது தங்கை. நண்பர் தன் ஐடியா மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஸ்வெட்டரை சீஸன் நேரத்தில் டூரிஸ்ட்டுகளோடு நின்று பேரம் பேசாதீர்கள். புடவையை மலை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுவது உத்தமம். திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் சுங்குடி கிடைக்கும். துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சு விழுந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். அடர்ந்த கலராக எடுத்தால் மழைச் சேறு பட்டாலும் பளிச்சென்று தெரியாது. இல்லையென்றால் 1935-ல் ஆரம்பித்த நம் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி. அரசு ஊழியர் என்றால் தவணைக் கடனிலும் எடுக்கலாம்.

ஒன்று... புதுச் சுங்குடி முதல் தண்ணியில் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் தனியாக அலசச் சொல்லுங்கள். சொல்வானேன், நீங்களே அலசுங்கள். அந்த பக்கெட்டில் உங்கள் வெள்ளைச் சட்டையை மட்டும் போட்டுவிடாதீர்கள். இருப்பதே அஞ்சு!