இருபது கிராம் ட்ரோனுக்கு ஒரு கண்

கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் விர்ரென்று சுற்றும் ட்ரோனைப் பார்க்காதவர்கள் இப்போது குறைவு. அதன் விலையைக் கேட்ட பிறகு வீட்டுப் பிள்ளைகள் ஆசையை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் ட்ரோன் குடும்பத்தில் ஒரு கடைக்குட்டி உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும், நான்கு விசிறிகளைச் சுற்றியும் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், பேட்டரியோடு சேர்த்து எடை சுமார் 20 கிராம்தான். சுவரில் மோதினால் சுவருக்கும் ஒன்றும் ஆகாது, அதற்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் கடைக்குட்டிக்குக் கண் வைத்த கதையும், வைக்கிற விதமும்தான் இந்த வாரம்.

பிளேடு என்ற அமெரிக்க பிராண்டின் 'இண்டக்ட்ரிக்ஸ்' இப்படிப்பட்ட ஒரு பொம்மை. கேமரா கிடையாது, வீட்டுக்குள் சும்மா பறக்கவிடலாம், அவ்வளவுதான். கொலராடோவைச் சேர்ந்த ஜெஸ்ஸி பெர்கின்ஸ் என்ற ட்ரோன் ஆர்வலர், அதன் தலையில் விரல்நுனி அளவுள்ள ஒயர்லெஸ் கேமராவை ஒட்டிப் பார்த்தார். அவருடைய குழுவின் பெயர் 'பிக் வூப்'. அதனால் குட்டிக்கு 'டைனி வூப்' என்று பெயர் வந்தது. 2016-ல் இந்த யோசனை உலகம் முழுக்கப் பரவியது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே, சோபாவுக்கு அடியில், ஜன்னல் திரைக்குப் பின்னால் என்று வீட்டுக்குள்ளேயே ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். பிற்பாடு அந்த பிராண்டே கேமராவோடு சேர்த்து விற்கத் தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் இந்த ஒட்டுவேலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே முழுதாக வாங்குவதைவிட, பாகங்களை வாங்கிச் சேர்க்கத் தெரிந்தவருக்கு வழி அதிகம்.

முதல் கேள்வி எடை. 20 கிராம் வண்டியில் 4 கிராம் ஏற்றுவது, 60 கிலோ ஆள் 12 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். அதனால்தான் கேமரா, ஒளிபரப்பும் கருவி, ஆன்டெனா மூன்றையும் ஒன்றாக்கிய 'ஆல் இன் ஒன்' ரகத்தைத் தேடுகிறார்கள். அதில் 4 கிராம், அதற்கும் குறைவான எடையில்கூடக் கிடைக்கிறது. ஒளிபரப்புச் சக்தி வழக்கமாக 25 மில்லிவாட். இரண்டு அறை தாண்ட அது போதும். நடுவில் கான்கிரீட் தூணோ மாடித் தளமோ வந்தால் படம் திணறும்.

வைஃபை கேமராவை மாட்டி, செல்போனிலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். கடைகளில் அப்படிப்பட்ட பொம்மைகளும் விற்கின்றன. சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. வைஃபை வழியே படம் வந்து சேர 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், திரையில் தெரிவதைவிட நிஜத்தில் 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். வாசல்படி வருகிறதே என்று திருப்பும்போது அது ஏற்கெனவே நிலைக்கதவில் முட்டியிருக்கும். பழைய அனலாக் முறையில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. சிக்னல் தேயும்போதும் படம் சட்டென்று உறைந்து நிற்காது. மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்குத் தெரிந்த அதே புள்ளிப் புள்ளியான திரை வரும். அது ஒரு எச்சரிக்கை மணி, திரும்பி வர நேரம் கிடைக்கும். பழசு என்று ஒதுக்கப்பட்ட தொழில்நுட்பம் இந்த ஒரு வேலையில் புதுசைத் தோற்கடித்திருக்கிறது.

ரிமோட் பேசுவது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில். வீடியோவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கத்தான் இந்தப் பிரிவு. இந்தியாவில் 5,725 முதல் 5,875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம். ஆனால் இந்தக் கேமராக்களில் இருக்கும் 40 சேனல்களில் சில அந்த எல்லைக்கு வெளியே விழுகின்றன. 'ரேஸ் பேண்ட்' வரிசையில் 4, 5, 6 ஆகிய மூன்றும் உள்ளே இருப்பவை (5,769, 5,806, 5,843). அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

இனி சால்டரிங். கேமராவின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை ட்ரோன் போர்டில் பேட்டரி வந்து சேரும் இடத்தில் பற்றவைக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் இடத்தில் வைத்தால் படம் துடிக்கும். சிவப்பும் கறுப்பும் மாறினால் கேமரா அப்போதே போச்சு. மெல்லிய முனை உள்ள அயர்ன், இரண்டு விநாடித் தொடுகை போதும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் போர்டிலிருந்து செம்பு உரிந்து வந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் முதலில் செத்துப்போன ரேடியோ போர்டு ஒன்றில் பத்துத் தடவை பழகுவது நல்லது. பக்கத்துத் தெரு செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்கு இது ஐந்து நிமிட வேலை. கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 4 நிமிடம் பறக்கவைக்கிறது என்றால், சராசரியாக 3 ஆம்பியர் ஓடுகிறது. கேமரா இழுப்பது ஏறத்தாழ 0.3 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. எடையும் கூடுவதால் பறக்கும் நேரம் இன்னும் கொஞ்சம் குறையும். இன்னொரு தொல்லை, ட்ரோனைச் சட்டென்று மேலே ஏற்றும்போது பேட்டரி வோல்டேஜ் ஒரு கணம் விழும். அப்போது திரை கறுத்துப்போகும், அதுவும் படம் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில். பேட்டரி பழசானால் இது அதிகமாகும். படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடினால், பவர் ஒயர்களுக்கு நடுவே ஒரு சிறிய கெப்பாசிட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஆன்டெனாவைத் தொடாதீர்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 5.2 சென்டிமீட்டர்தான். சாதாரண ஒயர் ஆன்டெனா அதில் கால்பங்கு, 13 மில்லிமீட்டர். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று நறுக்கினால் ஒளிபரப்பு படுத்துவிடும். ஆன்டெனா உடைந்த நிலையில் கேமராவுக்கு மின்சாரம் கொடுப்பதும் கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி ஒளிபரப்பும் சிப்பையே பழுதாக்கிவிடலாம்.

கேமராவை ஒட்ட இரட்டைப் பக்க ஃபோம் டேப் போதும், மோட்டார் அதிர்வையும் அது கொஞ்சம் உறிஞ்சும். கேமராவை 15 டிகிரி போல மேல்நோக்கிச் சாய்த்து ஒட்ட வேண்டும். முன்னே போகும்போது குவாட்காப்டர் மூக்கைக் கீழே தாழ்த்தித்தான் போகும். நேராக ஒட்டினால் தரையிலுள்ள மொசைக் மட்டும்தான் தெரியும். முன்பக்கம் கனம் கூடியதற்கு ஈடாக பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடலாம்.

படம் பார்க்கத் தனியாகக் கண்ணாடி விற்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் சொருகும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் உண்டு, விலை குறைவு. அதில் தாமதம் கொஞ்சம் கூடுதல், எல்லாப் போனும் அதை ஏற்பதும் இல்லை. ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி, தாத்தா பாட்டி பார்க்கப் போன் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி மாட்டியவருக்குத் தரையில் தவழும் குழந்தை தெரியாது. பக்கத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு நிற்பது கட்டாயம்.

இந்த அனலாக் ஒளிபரப்புக்குப் பூட்டு கிடையாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதே சேனலை வைத்த ரிசீவர் யாரிடம் இருந்தாலும், சிக்னல் எட்டும் தூரத்தில் உங்கள் வீட்டுப் படுக்கையறை அவர் திரையிலும் ஓடும். எதைக் காட்டலாம் என்று முடிவு செய்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி காயவைக்கும் அக்காவுக்கும் இதே நியாயம்தான். அவர் கேட்காமலே கேமராவுக்குள் வருவதற்கு 20 கிராம் என்ற சமாதானம் செல்லாது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை, ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். ஆனால் விமான நிலையம், ராணுவ இடம் போன்ற சிவப்பு மண்டலங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட இதற்கும் உரிமை இல்லை.

பேட்டரி விஷயத்தில் அம்மாக்கள் கண்டிப்பாக இருக்கலாம், தப்பில்லை. லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. சார்ஜ் மெத்தைமேல் வேண்டாம், தூங்கும்போதும் வேண்டாம். 4.2 வோல்ட்டில் முழுசு. 3.3-க்குக் கீழே போகுமுன் இறக்கிவிட வேண்டும். சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட் வாக்கில் வைத்து எடுத்துவைக்கலாம்.

ஒரு வாரம் ஹாலில் ஓடிய பிறகு, ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்க ஆரம்பித்தால் உடனே கேமராவைக் குற்றம் சொல்ல வேண்டாம். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் மோட்டார் தண்டில் நீளமான தலைமுடி இறுக்கமாகச் சுற்றியிருக்கும். புருவம் திருத்தும் இடுக்கியால் மெதுவாகப் பிரித்து எடுத்தால் பழையபடி பறக்கும்.