பழைய சாலையில் போனால்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூர் வழியாகப் பேராக்குக்கு வந்த 9 கன்றுகளில் மிஞ்சியது என்று அதைக் காட்டுவார்கள். கன்றுகளை நடவைத்தவர் அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ, செடிகொடிகளின் மேல் தீராத ஆசை கொண்டவர். அன்றைய துரைமார்களுக்குக் கரும்பும் காப்பியும்தான் கண்ணில் பட்டன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த மரங்கள் யாருக்கும் காசு தராமல் வளர்ந்துகொண்டிருந்தன.

சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்துவிட்டு, சட்டைப்பை நிறைய விதையோடு துரைமார்களைத் தேடித்தேடிப் போனார். கிறுக்கன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். 1890களில் காப்பி விலை விழுந்தது. மேற்கே மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டியிருந்தது. விதை இங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நம் முப்பாட்டன்களும் முப்பாட்டிகளும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்குப் பின்னால் இத்தனை தற்செயல்கள் இருக்கின்றன.

இது யாருக்கு நல்ல தற்செயல் என்று கேட்காமல் மேலே போக முடியாது. லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்களுக்கு நாள்கூலியைத்தான் கொடுத்தது. அதை மறந்துவிட்டு அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த இருபது ஆண்டுகள் என்னை விடாமல் இழுக்கின்றன. உடனே பயன் தராத ஒன்றை யாரோ வெட்டாமல் விட்டுவைத்தார்கள்.

எதிர்பாராத நன்மைகள் நம்மைத் தேடி வர வேண்டுமென்றால் வாழ்க்கையில் அப்படிக் கொஞ்சம் தரிசு நிலம் வேண்டும். நான் செய்வது சின்னக் காரியம்தான். ஈப்போவிலிருந்து வடக்கே போகும்போது, அவசரம் இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஏறமாட்டேன். செமோர், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் போவேன். எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே நிற்பேன்.

அப்படி ஒருமுறை, ஒரு தோட்டத்துக் கோயிலின் பழைய கதையை விசாரிக்கப் போன வழியில், ஓர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பலகையில் ஒரு பாட்டி. கோயிலைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வரியில் முடித்துவிட்டார். நான் குறிப்புப் புத்தகத்தை மூடிய பிறகுதான் பேச்சே தொடங்கியது.

"கித்தாவ அழிச்சுட்டு செம்பனை போட்டாங்க தம்பி. அப்ப நாங்க பூவுக்குப் பவுடர் ஊதினோம்."

"பவுடரா பாட்டி?"

ஆண் பூக்குலையிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரியான வெள்ளைத் தூளோடு கலப்பார்களாம். அதை ஊதுகுழலில் நிரப்பிக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். பெண் பூ விரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் ஊதிவிட வேண்டும், தவறினால் குலை சரியாகக் காய்க்காது. மட்டைகளுக்கு நடுவே கையை விட்டால் முள் கிழிக்கும். "சோம்பு வாசம் அடிக்கும் அந்தப் பூ. ராத்திரி சோறு பிசையும்போதும் கையில மணக்கும்" என்றார். கடைசியில், "அப்புறம் ஒரு வண்டு வந்துச்சு, எங்க வேலை போச்சு" என்று எழுந்துகொண்டார்.

அந்த வண்டைத் தேடிப் படித்தேன். லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1950களின் தொடக்கத்தில் யூனிலீவர் தோட்டத்து வேலையாக மலாயாவுக்கு வந்தவர். பிறகு ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூனுக்கு மாற்றினார்கள். இங்கே ஆள் வைத்து ஊதினாலொழிய சரியாகக் காய்க்காத அதே செம்பனை, அங்கே யார் கையும் படாமல் குலை குலையாகக் காய்த்தது. பூவில் சிறு வண்டுகள் மொய்த்தன. செம்பனைக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பது காற்று என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் பேச்சு எடுபடவில்லை. பல ஆண்டு கழித்து, நிறுவனத்தின் தோட்டங்களுக்குப் பொறுப்பான பதவிக்கு வந்த பின், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையதைக் கேமரூனுக்கு அனுப்பி ஆராயச் சொன்னார். வேலையைச் செய்வது வண்டுதான் என்று உறுதியானது. 1981இல் ஜொகூரின் குளுவாங் அருகே மாமோர் தோட்டத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டுக்குள் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆண் பூவில் தின்று, முட்டையிட்டு வாழும் வண்டு அது. பெண் பூவும் அதே வாசத்தை விடுவதால் ஏமாந்து அங்கேயும் போகிறது, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு. அந்த வாசம், பாட்டியின் கையில் மணந்த சோம்பு வாசமேதான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜொகூரை விட்டு நகராத ஒருவருக்குப் பவுடர் ஊதுவது இயற்கையாகப் பட்டிருக்கும். கேமரூனிலேயே இருந்தவருக்கு வண்டு ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்காது. ஒரே மரத்தை இரண்டு ஊரில் பார்த்தவருக்குத்தான் கேள்வி பிறந்தது. வேலை மாற்றமோ, பெண் கொடுத்த ஊரோ, தெரியாத மொழிக்காரர் வீட்டுக் கல்யாணமோ, நம்மை இரண்டாவது ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் எதையும் தட்டிக்கழிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது. தினமும் அந்தப் பூவோடு கிடந்த பெண்களை யாராவது உட்காரவைத்து, என்ன பார்த்தாய் அம்மா என்று கேட்டிருக்கலாம்.

லயத்தில் இருந்தவரை இப்படிப்பட்ட பேச்சுகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. பொதுக் குழாயடியில், ஆயாக் கொட்டகை வாசலில், கோயில் திண்ணையில் யாராவது எதையாவது சொல்லிவிடுவார்கள். இன்று தாமான் வீட்டில் கேட் தானாகத் திறக்கிறது, கார் வெளியே போகிறது, பிள்ளை டியூஷனில் இறங்குகிறது, திரும்ப அதே கேட். பக்கத்து வீட்டு முதியவர் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. பவுடர் ஊதியவர்களில் பலருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. தள்ளிப்போட நேரமில்லை.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறவர்கள், காவடி பார்க்கும் நேரம் போக, நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் கொஞ்சம் இடம் பிடியுங்கள். பிள்ளையையும் கூட உட்காரவையுங்கள். "நீங்க எந்தத் தோட்டம் ஐயா?" என்று கேட்டுவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அவர் முதலில் சொல்லும் பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.