குழாய் வந்தால் சமத்துவம் வந்துவிடுமா?

ஒகேனக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பரிசலும் அருவியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு அது குடிதண்ணீர். இந்த இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல் கறைபடும். அளவு மிகக் கூடினால் மூட்டு இறுகும், எலும்பு வளையும். காய்ச்சினாலும் அது போகாது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம், மதிப்பீடு சுமார் 1,928 கோடி ரூபாய். கடன் தந்தது ஜப்பானின் ஜைக்கா; நடத்தியது குடிநீர் வடிகால் வாரியம்; கட்டியவை ஒப்பந்த நிறுவனங்கள். இது பெரிய சாதனை. இதை மறுக்க வேண்டியதில்லை.

அரசும் நிறுவனமும் சமூகமும் கைகோத்தால்தான் தொழில்நுட்பம் வெல்லும் என்கிறார்கள். சரி, எந்தச் சமூகம்? நம் கிராமம் ஒன்றல்ல. ஊர் ஒன்று, சேரி ஒன்று. பொறியாளரின் வரைபடத்தில் குழாயின் விட்டம் இருக்கும், நீரழுத்தம் இருக்கும், சாதி இருக்காது. ஆனால் மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில், வால்வைத் திறப்பவர் யார், கடைசிக் குழாய் யாருடையது என்பதையெல்லாம் முடிவு செய்யும் இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது.

திட்டம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு, 2012 நவம்பர் 7 அன்று, இதே தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. அங்கே தொட்டியும் இருந்தது, குழாயும் இருந்தது. 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டுமல்ல. பொதுநீர் பொதுவானதா என்று கேட்பதற்காக.

ஆகவே நம் கோரிக்கை எளியது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்ற கணக்கு ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். ஃபுளோரைடு சோதனை முடிவு ஒவ்வொரு காலனியிலும் ஒட்டப்பட வேண்டும். தண்ணீர்க் குழுவில் தலித் பெண்கள் கையெழுத்துப் போடுபவர்களாக மட்டுமின்றி, முடிவெடுப்பவர்களாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகை வழங்குமுன் கடைக்கோடி வீட்டின் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

பொறியியல் படிக்கும் தோழர்களே, அடுத்த கிராமசபைக்குப் போங்கள். இந்தக் கணக்கைக் கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட, யார் வீட்டுக்கு முன்னால் நின்றுபோனது என்பதே முக்கியம்.