பயமுறுத்த வேண்டாம், உண்மை போதும்!

எச்சரிக்கை செய்கிறவர் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும். அவர் சொன்ன மற்ற உண்மைகளையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்!

அமெரிக்காவில் நடந்த கதை இது.

"எக்ஸ்டசி" என்றொரு போதை மாத்திரை. ராத்திரி நடன விருந்துகளில் இளவட்டங்கள் விழுங்குகிற சரக்கு. 1985-ல் அமெரிக்க அரசு இதற்குத் தடை போட்டது.

2002-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். "ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சாப்பிட்டாலே டோபமின் நரம்புகள் கெடும், பின்னால் நடுக்குவாதம் வரலாம்" என்றார்கள். குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம்.

மறு வருஷமே அதை வாபஸ் வாங்கினார்கள். ஏன்? புட்டியில் லேபிள் மாறிவிட்டதாம்! குரங்குகளுக்குப் போனது எக்ஸ்டசி அல்ல; மெத் ஆம்பெட்டமின் என்ற வேறு போதை மருந்து!

உடனே, "எக்ஸ்டசியால் ஒரு கெடுதலும் இல்லை" என்று பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டது. இது சரியா?

சரியே அல்ல!

மூளையின் அடித்தண்டில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மூளை முழுக்க ஓடுகின்றன. தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. மாத்திரை உள்ளே போனதும், இழை நுனியில் சேர்ந்திருந்த சரக்கு மொத்தமாகக் கொட்டுகிறது. அதுதான் அந்தக் குஷி! அப்புறம்? கல்லா காலி.

அதே பல்கலைக்கழகத்தார் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அணில் குரங்குகளுக்கு நாலே நாள், தினம் இரண்டு வேளை எக்ஸ்டசி கொடுத்தார்கள். அணுக்கள் சாகவில்லை, இழைகள்தான் அழிந்தன. ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் சில பகுதிகளில் அவை முழுசாக வளரவில்லை! இந்த முடிவு வாபஸ் ஆகவில்லை.

மனுஷனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அளவு வேறு, உடம்பு வேறு. ஆனால் நிறைய விழுங்கியவர்களின் மூளைப் படங்களிலும் செரட்டோனின் குறைபாடு தெரிந்திருக்கிறது. விட்டு நாளானவர்களிடம் ஓரளவு தேறுதலும் காணப்பட்டது. விட்டுவிட நினைப்பவனுக்கு இது நல்ல சேதி. அதையும் மறைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்களே! "ஒரு மாத்திரையில் மூளை ஓட்டையாகிவிடும்" என்று புளுகாதீர்கள். ஒரு புளுகு வெளுத்தால், மாத்திரை விற்கிறவன் பேச்சுத்தான் எடுபடும்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதுவே போதுமான பயம்!