ஆவிக்கு வழி விடுங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நமக்கு வரும் சமையல் கேள்விகளின் போக்கே மாறிவிடுகிறது. குழம்பும் கூட்டும் பின்னுக்குப் போய், பிள்ளைகள் கேட்கும் பண்டங்கள் முன்னுக்கு வந்துவிடும். இந்த விடுமுறையில் அதிகம் வந்த கேள்வி இதுதான்: “ஏர் ஃப்ரையர் ஓவன் வாங்கினோம். ஃப்ரீசரில் இருந்த ஃபிரெஞ்ச் ஃப்ரைஸை எடுத்துப் போட்டோம். நிறம் வருகிறது, மொறுமொறுப்பு வரவில்லை. வந்தாலும் தட்டுக்கு வருவதற்குள் துவண்டுபோகிறது. என்ன செய்யலாம்?”

சின்னக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மாலை நேரத்தில் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு, எண்ணெய்ச் சட்டி வைக்காமல் சூடாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் பலரும் இந்த இயந்திரத்தை வாங்குகிறார்கள். அந்த அக்கறை வீணாகக் கூடாது. அதனால் இந்த மாதப் பக்கத்தை ஃப்ரைஸுக்கே கொடுத்துவிட்டேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாக்கெட்டுக்குள் இருப்பது பச்சைக் கிழங்கு இல்லை. தொழிற்சாலையில் கிழங்கை நீராவியால் தோலுரித்து, வேகமாகப் பாயும் தண்ணீரோடு சேர்த்துக் கத்திகளின் நடுவே செலுத்துகிறார்கள். மறுபக்கம் நீளத் துண்டுகளாக வந்து விழும். அவற்றை வெந்நீரில் போட்டு எடுக்கும்போது மேற்பரப்பிலுள்ள சர்க்கரை கரைந்து போகிறது, மாவுச்சத்து பாதி வெந்து இறுகுகிறது. பிறகு சூடான காற்றில் மேல் ஈரத்தை உலர்த்தி, எண்ணெயில் ஏறத்தாழ ஒரு நிமிடம் பொரித்து, சூடு ஆறியதும் உறைய வைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். ஆக, நம் கைக்கு வருவது ஒருமுறை பொரிந்த பண்டம். பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 4 முதல் 6 கிராம் வரை கொழுப்பு என்று போட்டிருக்கும். மேலே எண்ணெய் தடவத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். தேவையான எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. மிச்சமிருக்கும் வேலை, உள்ளே மாவாக வேகவிட்டு, மேல்தோலின் ஈரத்தை மட்டும் விரட்டுவது.

கொதிக்கும் எண்ணெயில் இது தானாக நடந்துவிடும். கிழங்கின் ஈரம் ஆவியாகிக் குமிழ் குமிழாக மேலே வந்து போய்விடுகிறது. நாம் கேட்கும் அந்த ‘சொய்ங்’ சத்தம் முழுக்கத் தண்ணீர் வெளியேறும் சத்தம். ஓவனுக்குள் அப்படி இல்லை. வெளிவந்த ஆவி துண்டைச் சுற்றியே நிற்கும். அதை அடித்துக்கொண்டு போகத்தான் மேலே விசிறி சுழல்கிறது. மொட்டை மாடியில் வடாம் பிழிபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று இல்லாத நாளில் வடாம் சுணங்கும், ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம் ஈரமாகவே கிடக்கும். ஃப்ரைஸிலும் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. நான்கு பேருக்கு ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று ஒரு தட்டில் அரைக் கிலோவைக் கொட்டினால், அடியிலிருப்பவை வறுபடுவதில்லை, ஆவியில் வேகின்றன. இட்லிப் பானை செய்யும் வேலையை ஓவன் செய்யத் தொடங்கிவிடுகிறது.

ஒரு தட்டுக்கு 250 கிராம், மிஞ்சிப்போனால் 300. அதுவும் ஒரே அடுக்காக, துண்டுக்குத் துண்டு சிறிது இடைவெளி விட்டு. இரண்டு தட்டு வைக்க வேண்டியிருந்தால் பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றிவிடுங்கள். விசிறியும் சூட்டுக் கம்பியும் மேலே இருக்கும் ஓவனில் மேல்தட்டு முந்திக்கொண்டு சிவந்துவிடும்.

தட்டு எது என்பதும் முக்கியம். ஓவனோடு ஒரு துளையில்லாத தகரத் தட்டும், ஒரு கம்பி வலைத் தட்டும் கொடுத்திருப்பார்கள். ஃப்ரைஸுக்கு வலைத் தட்டுதான். தகரத் தட்டை அடியில், எண்ணெய்த் துளியும் துகளும் விழுந்து சேர வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் சிரமத்துக்கு அஞ்சி வலையின்மேல் அலுமினியத் தாளையோ வெண்ணெய்த் தாளையோ விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது காற்றின் பாதையை அடைத்துவிடும். வலையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் பிடித்தது தானே விட்டுப்போகும், தாள் வேண்டியதில்லை.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை அப்படியே போட வேண்டும். வெளியே வைத்துக் குளிர் விடட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இதற்குச் சரிப்படாது. பனி உருகினால் அந்தத் தண்ணீரை, தொழிற்சாலையில் பொரிந்து உலர்ந்த மேல்தோல் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு என்ன செய்தாலும் துண்டு வளைந்துதான் வரும். துண்டுகளில் வெண்பனி ஒட்டியிருந்தால் மட்டும் ஒரு சல்லடையில் போட்டுத் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

ஓவனை 200 டிகிரியில் வைத்து ஐந்து நிமிடம் முன்சூடு செய்யுங்கள். மைனஸ் 18 டிகிரியிலிருக்கும் பொருளை உள்ளே தள்ளினால் உள்சூடு தடாலென்று இறங்கும், முன்சூடு இருந்தால் சீக்கிரம் ஏறிவிடும். மெல்லிய துண்டுகளுக்கு 12 முதல் 15 நிமிடம், விரல் கனத்துக்கு 18 முதல் 22. ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு விதம் என்பதால் கடிகாரத்தைவிடக் கண்ணாடிக் கதவை நம்புங்கள். முதல் சில நிமிடங்களில் துண்டுகள் நனைந்ததுபோல் பளபளக்கும், கதவில் ஆவி படரும். அந்த நேரத்தில் கிளறினால் முனை உடையும், விட்டுவிடுங்கள். பளபளப்பு போய், மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஓரங்களில் மஞ்சள் ஏறும்போது கதவைத் திறந்து இடுக்கியால் ஒருமுறை திருப்புங்கள். கதவைத் திறந்தால் சூடு போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். உள்ளே தேங்கிய ஆவியும் அதோடு வெளியேறுகிறது, அதனால் அந்தச் சில விநாடிகள் நமக்கு லாபம்தான். கடைசியில் தட்டை இலேசாக உலுக்கிப் பாருங்கள். சருகுபோல் சலசலத்தால் ஆயிற்று. சத்தம் இல்லாமல் புரண்டால் இன்னும் இரண்டு நிமிடம்.

சுழலும் வலைக்கூடை வந்த ஓவன் வைத்திருப்பவர்கள் அதைத் தடித்த துண்டுகளுக்குப் பயன்படுத்தலாம், திருப்பும் வேலை மிச்சம். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மெல்லியவை அதில் நொறுங்கிப்போகும்.

ஒரு சின்ன வரலாறு சொல்ல ஆசை. விசிறி வைத்த ஓவனும் உறைந்த ஃப்ரைஸும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் உருவானவை. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945இல், அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மேக்ஸன் விமானப் பயணிகளுக்கு உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கித் தர ஒரு சிறிய ஓவன் செய்தார். அதனுள் விசிறி வைத்துச் சூடான காற்றைச் சுழல விட்டார். அதே 1940களில்தான் ஐடஹோ மாநிலத்தில் ஜே. ஆர். சிம்ப்ளாட்டின் நிறுவனத்தில் ரே டன்லாப் என்ற வேதியியலாளர் உறைந்த ஃபிரெஞ்ச் ஃப்ரைஸை உருவாக்கினார். ஏர் ஃப்ரையர் என்ற பெயரோடு வீட்டுச் சாதனம் வந்தது வெகு பின்னால். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வேய் எண்ணெயில் முக்காமல் நல்ல ஃப்ரைஸ் செய்ய வழி தேடினார். அவர் கண்ட வடிவத்தை 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. நம் கேள்விக்கு விடை தேடித்தான் அந்தச் சாதனமே பிறந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் பலவும் குஜராத்திலிருந்து வருகின்றன. பனாஸ்காண்டா மாவட்டத்தின் டீசா வட்டாரம் உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. மேசானாவில் மெக்கெய்ன் நிறுவனத்துக்குத் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு காலத்தில் இறக்குமதியை நம்பியிருந்த நாம் இன்று உறைந்த ஃப்ரைஸை ஏற்றுமதி செய்கிறோம். அந்த மணற்பாங்கான நிலத்து விவசாயிகளின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. இதற்கென்றே நீளமான, சர்க்கரை குறைந்த, நீர் குறைந்த ரகங்களை அவர்கள் பயிரிடுகிறார்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும் ‘குஃப்ரி ஃப்ரைசோனா’ என்ற ரகத்தை இந்த வேலைக்காகவே உருவாக்கியிருக்கிறது.

“பாக்கெட் எதற்கு, வீட்டுக் கிழங்கிலேயே செய்யலாமே” என்று கேட்பவர்களுக்கும் இதில்தான் பதில். நல்ல குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கை நறுக்கிப் போட்டால் மொறுமொறுப்பாகும் முன்பே கருத்துப்போவது அதனால்தான். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. நறுக்கியதை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, கொதிநீரில் சில நிமிடம் வேகவிட்டு, துணியில் ஒற்றி, எண்ணெய் பிசறிச் செய்தால் நன்றாகவே வரும். நேரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

வாங்கும்போது பாக்கெட்டை வெளியிலிருந்து தடவிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியே உருள வேண்டும். ஒரே கட்டியாக இறுகியிருந்தால் வழியிலோ கடையிலோ மின்சாரம் போய் உருகி மறுபடி உறைந்த சரக்கு என்று சந்தேகிக்கலாம். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். சேர்மானப் பட்டியலில் அரிசி மாவோ மாற்றிய ஸ்டார்ச்சோ இருந்தால் துண்டின்மேல் மெல்லிய மாவுப் பூச்சு இருக்கிறது என்று பொருள். இந்த வகை தட்டில் கூடுதல் நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். விருந்தாளி வரும் நாளுக்கு அதை வாங்குவேன். வீட்டுக்குள் சாப்பிட, கிழங்கும் எண்ணெயும் மட்டுமுள்ள எளிய வகையே எனக்கு ருசி.

இனி, வெளியே எடுத்தபின். நம் வீடுகளில் நடக்கும் பெரிய அநியாயம் ஹாட்பாக்ஸ். சூடு ஆறிவிடக் கூடாதென்று அதில் கொட்டி மூடுகிறோம். மூடிக்குள் ஆவி தண்ணீராகி மேல்தோலில் இறங்கிவிடுகிறது. ஃப்ரைஸ் சற்று ஆறினாலும் பரவாயில்லை, மூடக் கூடாது. அகலமான தட்டில் பரப்பிக் கொடுங்கள். பின்னால் வருபவருக்கு என்றால் ஓவனை நிறுத்தி, கதவை ஒரு விரல் திறந்து, வலையிலேயே விட்டுவையுங்கள். உப்பை வெளியே எடுத்த உடனே, மேற்பரப்பில் எண்ணெய் மினுமினுக்கும்போது தூவ வேண்டும். நைசான தூள் உப்புதான் ஒட்டும். ஓவனில் வைக்குமுன்பே போட்டால் பாதி வலை வழியே விழுந்துபோகும். இட்லிப் பொடி பிரியர்கள் அதையும் இந்த நேரத்தில் தூவிப் பிரட்டலாம், அபாரமாக இருக்கும். சாஸைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், மேலே ஊற்ற வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் கருக வைத்தால் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்பதை 2002இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். அதைக் குறைப்பதற்கு எளிய வழி, தங்க மஞ்சளில் நிறுத்திக்கொள்வது. மாநிறத்துக்குப் போக விட வேண்டாம். எண்ணெய் குறைவு என்பதால் தினமும் கொடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். உப்பும் மாவுச்சத்தும் அப்படியேதான் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை போதும்.

மின்சாரக் கணக்கு கேட்டவர்களுக்கு: 1,700 வாட் ஓவன் 25 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 0.7 யூனிட். மிக்ஸி சொருகும் சின்ன பிளக்கில் போடாதீர்கள். ஃப்ரிட்ஜோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் வேண்டாம். ஏசிக்கு இருப்பதுபோல் தனி 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஓவனின் பின்புறம் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

மீந்துபோனதை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிவிடும். அதே வலையில், 180 டிகிரியில், மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். முதல் தடவையின் சுவை முழுதாகத் திரும்பாது, ஆனாலும் சாப்பிட நன்றாக இருக்கும்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் ஓவன் எத்தனை லிட்டர், எத்தனை வாட், விசிறி மேலேயா பின்னாலா, ஃப்ரைஸ் மெல்லியதா தடித்ததா, எந்தத் தட்டில் எத்தனை நிமிடத்தில் சரியாக வந்தது என்று எழுதி அனுப்புங்கள். வருவதையெல்லாம் ஓவன் வாரியாகத் தொகுத்து, சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு பக்க அட்டவணையாகப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்